முதல் டிரம்மர்

மீன்பிடித் தடையின் நாற்பதாம் நாள்.
பாம்பன் தெற்குவாடியில் சும்மா கிடக்கும் விசைப்படகு.
ஐஸ்பெட்டி மூடியில் சாய்ந்து நிற்கிறது கைபேசி:
வெள்ளைக்காரப் பாட்டுக்குழு ஒன்றின் கதை,
தமிழ்க் குரலில்.

இருபதாவது நிமிடத்தில்
முதல் டிரம்மரைக் கழற்றிவிட்டார்கள்.
மழை, பேருந்து நிறுத்தம், கையில் இரண்டு குச்சி.
அவ்வளவுதான் அவன்.

அப்புறம் விமானம், போதை ஊசி, விவாகரத்து,
எண்பதாயிரம் பேர் ஒரே தொண்டையாய்ப் பாட
சரியாக அப்போது
இலங்கைக்கு நல்வரவு என்று
குறுஞ்செய்தி வந்து பாடகன் முகத்தை மறைத்தது.
எல்லோரும் கத்தினோம்.
ரெமிஜியுஸ் மட்டும்
"அவன் என்னடா ஆனான்?" என்றான்,
மூன்றாம் முறையாக.

போன வருசப் பங்குக் கணக்கை
அவன் பெயர் இல்லாமல்தான் எழுதினோம்.

கடைசியில் நிஜப் புகைப்படங்கள் ஓடின.
விரலால் நிறுத்தி, பெரிதாக்கித் தேடினான்.
ஒன்றின் ஓரத்தில்
யாருடையதோ ஒரு முழங்கை.