வகிடு

படிவத்தில் தொழில் என்ற இடத்தில்
முடிதிருத்துநர் என்று எழுதினேன்.
வனக்காப்பாளர் இன்பராஜ் சிரிக்கவில்லை.
"மேட்டுல கால் நிக்குமா, அதைச் சொல்லு" என்றார்.
மாசி பிறந்து சித்திரை முடியும்வரை
கூப்பிட்ட நாளுக்குக் கூலி.
கூப்பிடாத நாளுக்கு
களக்காட்டுக் கீழத் தெருவில் கடை இருக்கிறது எனக்கு.

ஒரு விசில், ஒரு டார்ச்,
தோள் இறங்கித் தொங்கும் காக்கிச் சட்டை.
போன வருஷம் யாரோ வேர்த்தது
அதில் இன்னும் இருந்தது.
போன் நம்பரை இரண்டு தடவை சொல்லச் சொன்னார்கள்.
"எரியுத காட்டுக்கு ஓடுததுக்கு
இந்த ஆளை யாரு பாத்து எடுத்தா?"
என்றாள் பேராச்சி.
ராத்திரி அவளே போனைச் சார்ஜில் போட்டாள்.

பதினொரு நாள் அது சும்மா கிடந்தது
சோப்புக் கிண்ணத்துக்கும் படிகாரக் கட்டிக்கும் நடுவில்.
பன்னிரண்டாம் நாள் சாயங்காலம்
ஞானசிகாமணி சார் வலது கன்னம் முடிந்து
இடது கன்னத்தில் நுரையோடு அண்ணாந்திருக்கையில்
அடித்தது.

"சார், மலை" என்றேன்.
வேறு வார்த்தை வரவில்லை.
கண்ணைத் திறக்காமலே
"போடே" என்றார்.

கழுத்துத் துண்டோடு ஜீப்பில் ஏறினேன்.
வாழைத்தார் ஏற்றும் கொம்பையா இருந்தான்,
தோளில் காயாத கறையோடு.
பாலிடெக்னிக் முடித்துச் சும்மா இருக்கும் செல்வின் இருந்தான்.
பாதை தீர்ந்ததும் நடந்தோம்.
தீயைப் பார்க்கும் முன்னே அது கேட்டது,
ஆயிரம் பேர் உட்கார்ந்து பொரி தின்கிற சத்தம்.
போதைப்புல் எரிகிறபோது மணக்கிறது.
நல்ல மணம்.
அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

இன்பராஜ் சரிவில் கைநீட்டி
ஒரு கோடு காட்டினார்:
"இங்கிருந்து அந்தப் பாறை வரைக்கும்
ஒரு புல்லு இருக்கப்பிடாது.
மண்ணு தெரியணும்."

வகிடு.
மலைக்கு வகிடெடுக்கச் சொல்கிறார்.

கொம்பையா அறுக்க, செல்வின் வாரிப்போட,
சருகைத் தள்ளி மண்ணின் தோல் தெரியச் சுரண்டினேன்.
கோணிய இடத்தைக் கை தானாக நேராக்கியது.
"அழகு பாக்காதடே, வெரசா!"

பிறகு கோட்டின் அந்தப் பக்கம்
நாங்களே தீ வைத்தோம்.
அணைக்க வந்தவன் கையில்
தீப்பெட்டி கொடுப்பார்கள் என்று
எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.
இரண்டு குச்சி நடுங்கி அணைந்தன.
மூன்றாவது பிடித்தது.
வந்த தீயும் போன தீயும்
நெற்றியோடு நெற்றி முட்டி
தின்ன ஏதுமின்றி உட்கார்ந்தன.

எல்லா இடத்திலும் அல்ல.
பாறைக்குக் கீழே ஓரிடத்தில் தாண்டிவிட்டது.
பச்சைக் கிளை ஒடித்து
விடியும்வரை அடித்தோம்.
ஓர் உடும்பு எங்கள் கால்களுக்கு நடுவே
எங்களை மரம் என்று நினைத்து ஓடியது.
என் இடது புருவம் பொசுங்கியதை
நாற்றத்தில்தான் அறிந்தேன்.

திரும்பியபோது கடை திறந்தே கிடந்தது.
ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.
மிச்சத்தை சாரே மழித்துக்கொண்டிருக்கிறார்.
கத்தியில் ஒரு நூல் ரத்தம்.
மேஜையில் முழுப் பணம்,
பறக்காமல் மேலே படிகாரக் கட்டி.

காட்டுக் கூலி இன்னும் வரவில்லை.
சித்திரையில் என்கிறார்கள். ஆடியில் என்கிறார்கள்.
பேராச்சி காலண்டரில் அந்தத் தேதியை
வட்டம் போட்டு வைத்திருக்கிறாள்.

இரண்டு பேர் பஸ் ஸ்டாண்டு சலூனுக்கு மாறிவிட்டார்கள்.
"பாதியில போட்டுட்டு ஓடிருவான்" என்று பேச்சு.
உண்மைதான்.
மற்றவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போது
ஒரு தடவை மேற்கே திரும்பி
மலையைப் பார்க்கிறார்கள்.
புகை இல்லையென்றால்
வந்து உட்காருகிறார்கள்.