கயிறு போதவில்லை

பன்னிரண்டு மணிக்கே கடையில் கயிறு தீர்ந்துவிட்டது.
ஒட்வோர் கல்லாவுக்குப் பின்னால் நின்று
வெறும் உருளையைச் சுற்றிக் காட்டினாள்:
"மெழுகுவத்தி இருக்கிறது. பிஸ்கட் இருக்கிறது.
கயிறு மட்டும் கேட்காதீர்கள்."

வானொலியில் காலையிலிருந்து ஒரே எண்.
நொடிக்கு ஐம்பத்தெட்டு மீட்டர்.
தென்மேற்கிலிருந்து, இரவு ஒன்பதுக்கு மேல்.
சொன்னவர் குரலில் பதற்றமே இல்லை,
மீன் விலை சொல்வதுபோல.

பரோயே தீவில் எங்கள் ஊருக்கு முப்பத்தொரு வீடு.
மரம் என்று ஒன்று கிடையாது,
அதனால் காற்று வருவதைப் பார்க்க வழியில்லை.
புல் படுக்கும்.
அவ்வளவுதான் முன்னறிவிப்பு.

கல்லே உருளும் ஊரில் ட்ராம்போலின் எம்மாத்திரம்?
போன தடவை ஹெர்கெய்ர் வீட்டு ட்ராம்போலின்
வேலி தாண்டி, சாலை தாண்டி,
சர்ச்சின் கூரைப் புல்லில் போய் உட்கார்ந்தது.
இரண்டு ஞாயிறு அங்கேயே இருந்தது.
பிரார்த்தனைக்குப் போன யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.
இந்த முறை குழாய் குழாயாகக் கழற்றிக்
கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டான்.
பிள்ளைகள் இரண்டும் அழுதுகொண்டே
திருகாணிகளை எண்ணி ஜாடியில் போட்டன.

குப்பைத்தொட்டி உள்ளே. சைக்கிள் உள்ளே.
என் குளியல் தொட்டிக்குள் ஏழு கோழிகள்
என்னை ஏற இறங்கப் பார்க்கின்றன.
ஆடுகளை யாரும் தேடவில்லை.
அவை நேற்றே மலைக்கு மறுபக்கம் போய்விட்டன.
நாங்கள் வானொலி கேட்டோம்,
அவை என்ன கேட்டனவோ.

இறைச்சி உலர்த்தும் கொட்டகையை மட்டும் கட்டுவதில்லை.
பலகைக்குப் பலகை விரல் நுழையும் இடைவெளி;
காற்று இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் போகும்.
குளிர்காலம் முழுக்க நாங்கள் தின்பது
இதே காற்று உலர்த்திக் கொடுத்த இறைச்சிதான்.
முறைத்துக்கொள்ளவும் முடியாத உறவு.

மூன்று மணிக்கே இருட்டிவிட்டது.
ஸிமுனின் படகு ஒன்றுதான் பாக்கி.
ஸிமுன் இடுப்பெலும்பு முறிந்து தலைநகர் ஆஸ்பத்திரியில்.
எட்டுப் பேர் இழுத்துக் கரையேற்றினோம்.
கட்டக் கயிறில்லை.

மணி அடிக்கும் ரெகின்
ஒன்றும் சொல்லாமல் சர்ச்சுக்குள் போய்
மணிக்கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான்.
கை பட்டுக் கை பட்டு வழவழத்த கயிறு.
என் கல்யாணத்துக்கும் அதுதான் ஆடியது.
என் தம்பியின் படகு திரும்பாத அன்றும்.

"கயிறில்லாவிட்டால் என்ன, காற்றே அடிக்குமே மணியை?" என்றேன்.
அவன் என் கழுத்தைப் பார்த்தான்.
கம்பளித் துண்டை அவிழ்த்துக் கொடுத்தேன்.
ஏணியில் ஏறி மணியின் நாக்கைச் சுற்றிக் கட்டினோம்,
பல்வலிக்காரனுக்குத் தாடையைக் கட்டுவதுபோல.
இன்றிரவு அது தானாகப் பேசக்கூடாது.
பேசினால் ஊரே கரைக்கு ஓடும்.
அப்படியே பழகிவிட்டோம்.

படகுக்கு முடிச்சுப் போட்டது லிகாயா,
ஹெர்கெய்ரின் மனைவி, பிலிப்பைன்ஸ்காரி.
அவள் நாட்டில் புயலுக்கு அகரவரிசையில் பெயராம்.
"இதற்கு என்ன பெயர்?" என்றாள்.
எண்தான் இருக்கிறது என்றோம்.
காலையில் அவள் எல்லாப் பாத்திரத்திலும் தண்ணீர் பிடிக்கச் சொன்னபோது
சிரித்தவர்கள், மதியம் பிடித்தார்கள்.
எங்களில் யாருக்கும் தெரியாத முடிச்சு அது.
ரெகின் இழுத்துப் பார்த்தான். இன்னொரு முறை இழுத்தான்.
"அவிழ்க்க வருமா?"
"நாளைக்குக் கேளுங்கள்."

எட்டே முக்கால்.
மின்சாரம் இன்னும் இருக்கிறது.
லிகாயா அனுப்பிய சோற்றுப் பானை
கம்பளிக்குள் சூடாக இருக்கிறது.
கோழிகள் அடங்கிவிட்டன.
என் கழுத்துதான் குளிர்கிறது.
ஜன்னலோரம் நின்று, டார்ச் அடித்துப்
புல்லைப் பார்க்கிறேன்.

நிற்கிறது.

நிற்கிறது.

படுத்துவிட்டது.