மாரிக் கதவு

நாவற்குடாவில் எங்களுக்கு வீடு வாய்த்தது
கார்த்திகை மழைக்குள்.
சாமான் ஏற்றிய லேண்ட்மாஸ்டர்
ஒழுங்கைச் சேற்றில் ஒருதரம் புதைந்து
உறுமி எழும்பி வந்தது.
தர்மினி மடியில் வைத்திருந்தாள்
பால் காய்ச்சப் புதுப்பானையும்
பொலித்தீனில் சுற்றிய வங்கிக் கடன் புத்தகமும்.

மூன்று அக்காமாருக்கும் வீடு கட்டிக் கொடுத்து
நாலாவது மகளுக்கு வரும்போது
மாமாவிடம் மிஞ்சியிருந்தது
ஒரு மண்வெட்டியும் நெஞ்சு நோவும்.
"அதுக்கென்ன அப்பா" என்றாள் இவள்.
அதனால்தான் உறுதியில் இரண்டு பெயர்.
என் பெயரை எழுதும்போது
கந்தோர் ஐயா பேனையை நிறுத்தி
ஒருக்கால் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

சுவரில் ஆணி அடித்தால்
ஆணி வளைந்தது,
வளையாவிட்டால்
சுவர் பிட்டுப்போல உதிர்ந்தது.
உதிர்ந்ததைக் கடதாசியில் பொதிந்து
காத்தான்குடிக்குக் கொண்டுபோனேன்.
ஹாட்வெயார் கடை மஹ்றூப் நானா
விரலால் நசித்து, மணந்து பார்த்தார்.
"கடல்மண்ணுல குழைச்சிருக்கான் தம்பி.
றோல் பிளக் போடுங்க.
ஆணிய நம்பாதீங்க."
கல்லடி திரும்பும் வரைக்கும்
அந்தக் கடைசி வசனம்
சைக்கிள் கரியரில் இருந்து வந்தது.

திறில் மெஷின் வாடகைக்கு எடுத்து
நீர்மட்டம் பிடித்துப் பிடித்துச்
சாமித்தட்டைப் பூட்டினேன்.
பிள்ளையார் நேராய் நின்றார்.
வீடுதான் சரிந்து தெரிந்தது.

அறைக்கு அவள் தெரிந்த பச்சை
வாளிக்குள் மாங்கொழுந்து,
சுவரில் ஆஸ்பத்திரி.
காய்ந்தால் மாறும் என்றாள்.
மாறவில்லை. கண் மாறிவிட்டது.

பிறகு அந்த முன்கதவு.
பூட்டினால் திறவாது,
திறந்தால் பூட்டாது.
தோளால் இடித்து நான் உள்ளே போவதைப் பார்த்து
பக்கத்து வளவு நிரோசன் சிரித்தான்:
"சொந்த வீட்டுல களவெடுக்கப் போறமாதிரிப் போறீங்க அண்ண."

அவனிடமே சீவுளி இரவல் வாங்கினேன்.
முதல்நாள் ஒரு நூல்.
முதிரை, ஈரம் மணக்க,
சுருள் சுருளாய்க் காலடியில் விழுந்தது.
"மாரி முடிஞ்ச மறுகா பாப்பமே"
குசினிக்குள் இருந்து தர்மினி.
இரண்டாம்நாள் இன்னும் இரண்டு நூல்.
"மரம் தண்ணி குடிச்சிருக்கு, விடுங்க."
மூன்றாம்நாள் அவள் ஒன்றும் சொல்லவில்லை.
கதவு வெண்ணெய்போலப் பூட்டுப்பட்டது.
பத்துத்தரம் திறந்து பூட்டிக் காட்டினேன்.
பதினோராந்தரம் பார்க்க
அவள் வரவில்லை.

வைகாசியில் கச்சான் கிளம்பியது.
குடித்ததையெல்லாம் கொடுத்துவிட்டு
மரம் தன் உடம்புக்குத் திரும்பியது.
நிலைக்கும் கதவுக்கும் நடுவே
ஒரு விரல் இடைவெளி.
அதற்குள்ளால் வந்தன
புழுதி, சிவப்பெறும்பு,
விடியப்புறம் சூடை விற்பவரின் குரல்,
அவர் போன பிறகும் போகாத சூடை மணம்.
இரவில் தெருவிளக்கு
எதிர்ச்சுவரில் ஒரு மஞ்சள் கோடு கீறியது.
எழும்பிப்போய் நீர்மட்டம் வைத்துப் பார்த்தேன்.
பிள்ளையாருக்குப் பிறகு
இந்த வீட்டில் நேராய் நின்றது
அது ஒன்றுதான்.

சொல்லிக்காட்டுவாள் என்று காத்திருந்தேன்,
ஒரு கிழமை.
ஞாயிற்றுக்கிழமை பின்னேரம்
என் பழைய சைக்கிள் டியூப்பை
நீளவாக்கில் வெட்டிக்கொண்டு வந்து
கதவோரம் குந்தினாள்.
வாய் நிறையச் சின்ன ஆணிகள்.
பேச ஏலாது.
பேசாமல் இருக்கத்தான்
ஆணியை வாயில் வைத்தாளோ தெரியாது.
ஒவ்வொன்றாய் எடுத்து
ஒவ்வொன்றாய் அடித்தாள்.
ஒன்றும் வளையவில்லை.
நான் டியூப்பை இழுத்துப் பிடித்தபடி நின்றேன்,
சொன்ன இடத்தில், அதாவது
அவள் புருவம் காட்டிய இடத்தில்.

கடைசி ஆணியும் இறங்கின பிறகு
உதட்டைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:
"மாரி தொடங்க இதைக் கழட்டோணும்.
மறந்திராதீங்க."

கலண்டரைப் புரட்டினேன்.
கார்த்திகையில்,
கடன் தவணைக்குக் கீழே,
எழுதி வைத்தேன்:
இறப்பர் கழற்று.
சீவுளி கேட்டுப் போகாதே.