பன்னிரண்டு அடிப் பனிமலை

நோர்வேயிலிருந்து வந்த இன்பரூபன்
சவப்பெட்டி மூடிபோல ஒன்றைக்
கூரையில் கட்டிக்கொண்டு
நௌபரின் ஓட்டோவில் நிலாவெளிக்கு வந்தான்.
விமான நிலையத்தில் கேட்டார்களாம்,
"இது அயன் பண்ணுற மேசையோ?"
ஓம் என்றிருந்தால் உடனே விட்டிருப்பார்கள்.
அவன் அரைமணி நேரம் நின்று
பனியைப் பற்றி விளக்கியிருக்கிறான்.

நான் உப்பளத்தில் எடை எழுதுகிறவள்.
ஆவணி வெயில், முப்பத்தாறு பாகை.
குவித்து வைத்த உப்பைக் கண்டதும்
அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.
எங்களுக்கும் கலங்கும், கூசினால்.
இது வேறு கலக்கம்.

"பவுடர், அக்கா, பவுடர்!" என்றான்.
பூமலர் தன் கைப்பையைத் துழாவிச்
சந்தனப் பவுடர் டப்பியை நீட்டினாள்.
பாவம், முகத்துக்கு என்று நினைத்துவிட்டாள்.

புதுப்பனி பெய்த காலையில்
அவர்களுக்குச் சிநேகிதன் கிடையாதாம்,
தம்பி கிடையாதாம், கலியாணவீடு கிடையாதாம்.
இரட்டைப் பலகையில் போகிறவனோடு
ஒற்றைப் பலகைக்காரன் பேசமாட்டானாம்,
மலை ஒன்றுதான் என்றாலும்.
எங்கள் கோயில் நிர்வாக சபையை
நான் நினைத்துக்கொண்டேன்.

இடுப்பில் நிற்க மறுக்கும் களிசான்.
சட்டைச் சிப்பில் ஏழு வருஷத்து
மலை ஏறின துண்டுகள் தொங்கின,
லண்டன் போய்வந்து இன்னும்
பெட்டியில் விமானச் சிட்டையைக் கழற்றாத
என் சின்னம்மாவைப்போல.

இடக்கால் முன்னுக்கு என்றால் ஒரு சாதி,
வலக்கால் என்றால் இன்னொரு சாதி.
கண்டுபிடிக்க வழி:
சொல்லாமல் பின்னால் நின்று தள்ள வேண்டும்.
எந்தக் கால் முதலில் போகிறதென்று பார்க்க
நௌபரைத் தள்ளினான்.
நௌபருக்கு மூக்கு முதலில் போனது.
பாத்தித் தண்ணீரிலிருந்து எழும்பி
அவன் சொன்னதை எழுத முடியாது.

பலகைக்கு மெழுகு பூச வேண்டுமாம்,
குளிருக்குக் குளிர் வேறு மெழுகு.
முப்பத்தாறு பாகைக்கு
உலகத்தில் ஒரு கொம்பனியும் செய்யவில்லை.
மின்வெட்டுக்கு வைத்திருந்த மெழுகுதிரி நாலையும்
என் மேசை லாச்சியிலிருந்து கொடுத்தேன்.
அவன் முகர்ந்து பார்த்துக் கண்ணை மூடினான்.

பிறகு மேட்டின் உச்சியில் உட்கார்ந்தான்.
சப்பாத்தை வாரில் பூட்ட எட்டு நிமிஷம்.
இந்த விளையாட்டில் பெரும்பகுதி
உட்கார்ந்திருப்பதுதான் என்று விளங்கியது;
அதற்கென்றால் நானும் பழகலாம்.

யானைக்கும் அடி சறுக்கும் என்பது
எங்களுக்கு எச்சரிக்கை.
அவனுக்கு அது அழைப்பிதழ்.

சறுக்கினான்.

மூன்று அடி வரை பலகை போனது.
பிறகு உப்பு, நான் பனியில்லை என்று
தெளிவாகச் சொல்லிவிட்டது.
பலகை நிற்க, அவன் மட்டும்
பலகைக்கு மேலால் குனிந்து
மேட்டை விழுந்து கும்பிட்டான்.
முழங்கை இரண்டும் தோல் உரிந்து,
உரிந்த இடமெல்லாம் உப்பு.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கலாம்.
தனக்குத்தானே இட்டுக்கொண்டவன்
யாரை நினைப்பான்?
ஒன்றுக்கும் கவலையில்லை அவனுக்கு.
எழும்பி, பல்லெல்லாம் தெரியச் சிரித்து,
முஷ்டியைப் பொத்திப் பூமலருக்கு நேரே நீட்டினான்.
குத்தப்போகிறான் என்று நினைத்து
அவள் மண்வெட்டியைத் தூக்கினாள்.

தலைக்கவசத்துக் கமராவில்
முப்பத்தெட்டு நிமிஷப் படம்:
அவனுடைய மூச்சு, அவனுடைய சப்பாத்து,
கடைசியில் ஒரு நொடி உப்பு, மிக அருகில்.
அதை நாங்கள் இரண்டு தரம் பார்த்தோம்.

எடைப் புத்தகத்தில் எழுதினேன்:
சிதறல் நாலு கிலோ. காரணம்: பனி.
மேலாளர் இன்னும் கேட்கவில்லை.

பின்னேரம் ஒரே ஓட்டோவில் ரவுணுக்கு வந்தோம்.
"அக்கா வீடு எங்க?"
"உவர்மலை."
நிமிர்ந்து உட்கார்ந்தான்.
"உவர் மலையோ? சரிவு எப்படி?"
கச்சேரிக்குப் போகிற சரிவு என்றேன்.
அதையும் தொலைபேசியில் குறித்துக்கொண்டான்.

பஸ் நிலையத்தில் பலகையைச்
சுவரோடு சாய்த்துவிட்டுக்
கொழும்பு பஸ்ஸுக்குச் சீட்டு எடுக்கப் போனான்.
சாப்பாட்டுத் தாள் மேய்ந்துகொண்டிருந்த
புள்ளிமான் ஒன்று மெல்ல வந்தது.
முன்னும் பின்னும் முகர்ந்தது.
பிறகு மேலிருந்து கீழாக,
ஒரு தடங்கலும் இல்லாமல்,
நாக்கால் வழுக்கிக்கொண்டு போனது.