உள்ளே விட்ட கணக்கு

நரியா நாயா என்று கேட்பவர்களுக்குப்
பதில் சொல்லி அலுத்துவிட்டது.
நாய்தான். கார்கி.
கால் மட்டும் பாதியில் நின்றுவிட்டது.
மாடு உதைத்தால் உதை மேலோடு போகும்,
குதிகாலைக் கவ்வ அந்த உயரம் போதும்
என்றார் டெஸ்மண்ட் சார்.
பெர்த்துக்கு விமானம் ஏறும் முன்
சங்கிலியோடு ஒரு தாளும் கொடுத்தார்:
பெயர் பெக்கி. கேரட் பிடிக்கும். இடி ஆகாது.
வீட்டில் யார் எங்கே என்று தெரியாமல் தூங்காது.

கடைசி வரியை நான் சரியாகப் படிக்கவில்லை.

புளியந்தோப்பில் மேய்க்க என்ன இருக்கிறது?
தண்ணி லாரி வந்தால் குடங்களை விட்டுவிட்டு
குடத்துக்காரிகளை வரிசையில் நிறுத்துவாள்.
ஷேர் ஆட்டோவின் பின்சக்கரத்தைத் திட்டுவாள்.
கேரம் ஆடும் பையன்கள் தள்ளி நின்றால்
கணுக்காலில் ஒரு கவ்வு, பல் படாமல்.
பட்டதும் உண்டு. ஊசிக்கு நான்தான் காசு கொடுத்தேன்.
இட்லித் துணியில் அவள் முடி,
என் ஆபீஸ் புடவையில் அவள் முடி.
மே மாதம் முழுக்க பாத்ரூம் ஈரத்தில்
வயிற்றை ஒட்டிக்கொண்டு கிடப்பாள், காது மட்டும் வேலை செய்யும்.

வீட்டில் நாங்கள் நான்கு பேர்.
ரூபிணி, இளையன், நான்.
புகழேந்தி சித்திரையிலிருந்து மொட்டைமாடியில் படுக்கிறான்.
வெக்கை என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருந்தோம்.
ஐப்பசி மழையிலும் அதையே சொன்னோம்.
ராத்திரிக்கு மூன்று முறை
அந்தக் குட்டைக் காலால் பதினெட்டுப் படி
ஏறுவாள், இறங்குவாள்.

போன சனிக்கிழமை. மணி இரண்டு.
வயிறு சரியில்லை என்று அவளை வெளியே கூட்டி வந்திருந்தேன்.
ஆட்டுத்தொட்டிக்கு வந்த ஆந்திரா லாரியின் பின்கதவு
முனையிலேயே கழன்றுகொண்டது.
பிரியாணிக் கடை வாசல், மெட்ரோ வாட்டர் பள்ளம்,
சர்ச் காம்பவுண்டு, எங்கும் ஆடு.
பஷீர் பாய் கத்துகிறார், கிளீனர் ஓடுகிறான்,
என் கையில் சங்கிலி இல்லை.

அதன் பிறகு அவள் குரைக்கவில்லை.
ஆறு வருடம் மிக்சியைப் பார்த்துக்கூடக் குரைத்தவள்
மூச்சுச் சத்தம் மட்டுமாக
அரைவட்டம், மறுபடி அரைவட்டம்.
யாரும் சொல்லித்தராத ஓட்டம் அது.
ஆடுகள் அவளை முன்பே தெரிந்தவை போல ஒடுங்கின.
நாற்பத்தொன்று. கேட்டுக்குள். ஒன்றும் குறையவில்லை.
"கெட்டிக்காரிமா இவ" என்று பாய் தலையில் தட்டினார்.

கேட் மூடியது. அவள் எழுந்து வரவில்லை.
உள்ளே விட்டதை
வெளியே எண்ணி வாங்க வேண்டியவள் போல
வாசலில் உட்கார்ந்திருந்தாள்.
நாலு மணிக்கு உள்ளே குழாய் திறக்கிற சத்தம்.
தூக்கிக்கொண்டு நடந்தேன். பதினோரு கிலோ.
டிமெல்லோஸ் ரோடு தாண்டும்வரை
என் தோளுக்கு மேலாகப் பின்னாலேயே பார்த்தாள்.

காலையில் பாய் கொடுத்தனுப்பிய ஈரலைத் தின்றாள்.
அதை மறைப்பானேன்.

அன்றிரவு படி ஏறியவள் தனியாக இறங்கவில்லை.
தலையணையைக் கக்கத்தில் இடுக்கி
ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கி
"இன்னா ஆச்சு இதுக்கு" என்றபடி
புகழேந்தி அவளுக்கு முன்னால் வந்தான்.
நான் பாய் விரிக்கவில்லை. நகர்ந்து மட்டும் படுத்தேன்.

கதவுக்குக் குறுக்கே நீட்டிப் படுத்து
எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.
பிறகு மறுபடி முதலிலிருந்து.