போலே

பன்னிரண்டு பக்கம் ஜெராக்ஸ்.
முதல் நாளே மூன்றாம் பக்கத்தில் கூழ் சிந்திவிட்டது.
அது வணக்கம் சொல்லும் பக்கம்.
எல்லா வணக்கத்திலும் இப்போது பெங்களூரா மாம்பழ வாசம்.

அக்டோபரில் டாங்காவில் புது ஆலை,
லேப் ஆள் ஒருத்தர் வேண்டும், ஆறு மாதம், போறியா
என்று மேனேஜர் கேட்டது ஒரு செவ்வாய்க்கிழமை.
கிருஷ்ணகிரியைத் தாண்டி நான் போன தூரம்
ஓசூர். அதுவும் பல் பிடுங்க.

ஜாம்போ என்று ஆரம்பிக்காதே,
அது சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் சொல்வது.
ஹபாரி என்று கேள்.
ஹபாரி ஸா அசுபுஹி: காலையின் சேதி என்ன.
ஹபாரி ஸா காஸி: வேலையின் சேதி என்ன.
ன்சூரி என்று சொல். நன்று.
நன்றாக இல்லாவிட்டாலும் முதலில் நன்று,
மற்றதெல்லாம் பிறகு.
இந்த வழக்கம் எனக்குப் புதிதில்லை.

ன்சூரிதான் வாயில் நிற்கவில்லை.
ஒற்றில் தொடங்கச் சொன்னால் நாக்கு
முன்னால் ஓர் இகரத்தைக் கைத்தடியாகக் கேட்கிறது.
இன்சூரி, இன்சூரி என்று மீட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
"இன்சூரன்ஸா, எந்தக் கம்பெனி?" என்றார் பாய்லர் மாதையன்.

அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன்.
அங்கே மாமா என்றால் அம்மா.
அதைச் சொன்ன நாளிலிருந்து
கூப்பிட்டால் திரும்புவதில்லை.

"ஹபாரியா? அது கபர். எங்க வீட்டு வார்த்தை"
என்றாள் தவுலத் பீ, பழம் பொறுக்கிக்கொண்டே.
ரஃபீக்கி, நண்பன் என்று நான் படித்ததும்
"என் பையனையும் கப்பல் ஏத்திட்டாங்களா" என்று சிரித்தாள்.
பெல்ட்டின் ஒரு பக்கம் தெலுங்கு, மறுபக்கம் கன்னடம்,
நடுவில் உருது. சம்பள நாளில் எல்லோரும் தமிழ்.
இன்னொன்று வந்தாலும்
கொஞ்சம் நகர்ந்து உட்கார இடம் உண்டு.

சீத்தா ஆறு. நானே எட்டு.
டின் எண்ணும்போது எட்டாவதில் ஒவ்வொரு முறையும்
நானே, நானே என்று
யாரும் கேட்காத எதற்கோ ஒப்புக்கொள்கிறேன்.
விடிந்த பிறகுதான் அவர்கள் மணி எண்ணத் தொடங்குவார்கள்.
நம் காலை ஏழு அங்கே ஒன்று.
நம் ராத்திரி இரண்டு, அங்கே
நானே.

எம்பே: மாம்பழம். எழுதி வைக்கவில்லை.

நான்காம் பக்கத்தில் போலே.
அதன் எதிரே பென்சிலில் துக்கம் என்று எழுதி அடித்தேன்.
வருத்தம் என்று எழுதி அதையும் அடித்தேன்.
தடுக்கி விழுந்தவருக்கு போலே.
காய்ச்சல்காரருக்கு போலே.
தள்ளிவிட்டது நீயாக இருக்க வேண்டியதில்லை.
வேலை செய்கிறவரைக் கடக்கும்போதும்
போலே ந காஸி.
நாம் கடக்கும்போது சாப்ட்டாச்சா என்போம்,
பதிலுக்கு நிற்கமாட்டோம்.

ராத்திரி இரண்டு மணி.
காம்புப் பால் பட்டு விரலிடுக்கு வெந்துபோன கெம்பம்மாவிடம்
சாம்பிள் டம்ளரோடு நின்று சொன்னேன்:
போலே ந காஸி.
"யாரு போலே?" என்றாள், கத்தியை நிறுத்தாமல்.

நியாயமான கேள்வி. தமிழில் அது பாதி வாக்கியம்.
மீதிப் பாதி எனக்கும் தெரியவில்லை.
பதினாறு பிரிக்ஸ் என்று குறித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை ஸ்டெரிலைசர் குழாயில் என் மணிக்கட்டு.
தண்ணீரில் காட்டியபடி பல்லைக் கடித்து நிற்கிறேன்.
பெல்ட்டின் அந்தப் பக்கமிருந்து, தலை நிமிராமல்,
"போலே."

பதில் அந்தப் பக்கத்தின் பின்புறம் இருந்தது.
நிமேஷாபோவா.
டீ ஆறுவதற்கும் புண் ஆறுவதற்கும்
அங்கேயும் ஒரே சொல்தானாம்.
ஆறிவிட்டேன் என்று அர்த்தம்.

ஆறவில்லை. எரிந்தது.
சொன்னேன்.
உச்சரிப்பைத் திருத்தக்
கடலுக்கு இந்தப் பக்கம் யாரும் இல்லை.
கெம்பம்மா அடுத்த பழத்தை எடுத்தாள்.