இரண்டாம் வாசிப்பு

மசோதா என்ற சொல்லை
எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தது
செம்பனை லோரி ஓட்டும் இட்ரிஸ்.
பகாவ் கோப்பிக் கடையில் கேட்டதை
வாசலில் அப்படியே இறக்கிவிட்டுப் போனார்:
ஐம்பத்தைந்தில் இனி மொத்தமாய்த் தர மாட்டார்களாம்,
மாதா மாதம் கொஞ்சமாம்.
நாடாளுமன்றத்தில் முதல் வாசிப்பு முடிந்துவிட்டதாம்.

வீட்டுக்காரர் புண்ணியமூர்த்திக்கு
ஐம்பத்து நான்கு வயது, எட்டு மாதம்.
குலை பார்த்து அண்ணாந்தே பழகிய கழுத்து
அன்றைக்குக் குனிந்தது.
சேமநிதி அறிக்கையை மேசையில் விரித்து
தொண்ணூற்று ஓராயிரத்து நானூற்றுப் பதினேழு வெள்ளி என்று
சத்தம் போட்டுப் படித்தார்,
யாரோ பிடுங்க வந்த மாதிரி.

"என் வேர்வை, என் காசு.
சில்லறையா போடுவானுங்களா?"

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.
அதுதான் எனக்குச் சங்கடம்.

அந்தத் தொண்ணூற்று ஓராயிரம்
எங்கள் வீட்டில் ஏற்கெனவே செலவாகிவிட்டது.
தம்பி கேசவமணிக்குப் பழைய வேன் ஒன்று என்று
ஞாயிற்றுச் சந்தையில் நின்றபடியே
கைகொடுத்துவிட்டார்.
பின்கட்டுக்குச் சிமெண்டு போட
ஆ லியோங் அளந்துவிட்டுப் போயாயிற்று.
ஒரே அடியில் அடைத்துவிடலாம் என்று
மகள் துர்க்கேஸ்வரியின் படிப்புக் கடன்
ஏழு மாதமாய்க் கட்டாமல் கிடக்கிறது.

தோட்டம் கைமாறியபோது கொடுத்த நட்ட ஈடு
தீபாவளிக்கு வந்தது,
தைப்பூசத்துக்குள் போய்விட்டது.
அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

நான் கூட்டு பிடிப்பவள்.
பள்ளிக்கூடக் கழிவறை கழுவும் பன்னிரண்டு பேர்,
ஆளுக்கு மாதம் நூறு வெள்ளி,
பச்சை அட்டை நோட்டு.
குத்தகைக்காரன் மாறும்போதெல்லாம்
அதே சம்பளத்தில் புதிதாய்ச் சேருகிறோம்;
எங்கள் சர்வீசுக்கு வயதே ஆவதில்லை.
முதல் மாதமே கூட்டு எடுத்தவள்
ஆறாம் மாதம் என்னைக் கண்டால்
அடுத்த சடக்கு வழியாய்ச் சுற்றிப் போவாள்.
கடைசியில் எடுப்பவள்தான்
கூரைத் தகரம் மாற்றுவாள்.

ராத்திரி, எல்லாரும் படுத்த பிறகு,
தொண்ணூற்று ஓராயிரத்தை
இருபது வருஷத்துக்கு வகுத்துப் பார்த்தேன்.
மாதம் முந்நூற்று எண்பது.
அரிசி, கரண்டு, மோட்டாருக்கு எண்ணெய்
என்று இறங்கி வந்த பென்சில்
மீனுக்கு முன்னால் நின்றுவிட்டது.
போதாது.
ஆனால் கேசவமணி வந்து கேட்டால்
கொடுக்கவும் முடியாது.
இருபது வருஷம் இவர் இருப்பாரா
என்ற கணக்கும் வந்தது.
அதை உடனே அழித்தேன்.

தொழிற்சங்கத்து மகாலிங்கம்
மசோதாவை எதிர்த்து மனு கொண்டுவந்தார்.
இவர் முதலில் கையெழுத்துப் போட்டார்,
தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி.
"நீங்களும் போடுங்கம்மா."
மூக்குக் கண்ணாடியைப் பள்ளியில் வைத்துவிட்டேன் என்றேன்.
கண்ணாடி தலையில்தான் இருந்தது.
மகாலிங்கம் பார்த்தார்,
பார்க்காத மாதிரி அடுத்த வீட்டுக்குப் போனார்.

நேற்று வானொலியில் சொன்னார்கள்:
இரண்டாம் வாசிப்பு
அடுத்த கூட்டத்தொடருக்குத் தள்ளிவைப்பு.
இவர் கடனுக்கு ஆட்டிறைச்சி வாங்கி வந்தார்.
கேசவமணிக்கும் போன் போட்டார், சாப்பிட வரச்சொல்லி.

நான் மசாலா அரைத்தேன்.
அரைத்த கையைக் கழுவிக்கொண்டு
பச்சை நோட்டைத் திறந்து
பன்னிரண்டாம் பெயருக்குக் கீழே
புண்ணியமூர்த்தி என்று எழுதினேன்,
பென்சிலில்.
எடுக்கும் மாதம் என்ற கட்டத்தை
இன்னும் நிரப்பவில்லை.
வாசலில் கேசவமணியின் செருப்புச் சத்தம்.